பாஸ்டரம்மா கடை: சம்பலுக்கு முழு மார்க், இட்லிக்குப் பாதிகூட இல்லை

போன வாரம் யாரோ ஒருவர் இந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, “ஒன்பதரைக்குப் போனேன், பூட்டிவிட்டார்கள், வீண் அலைச்சல்” என்று போட்டிருந்தார். அவர் போனது செவ்வாய்க்கிழமை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் இந்தக் கடையை எட்டே முக்காலுக்கே சாத்திவிடுவார்கள். வெளியூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்? கடையில் ஓர் அட்டைகூடத் தொங்கவில்லை. அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்த ஒற்றை நட்சத்திரம் என்னை இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆள் வைத்து எழுதியது என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது, அதனால் என் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 28 வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவன் நான். இப்போது பள்ளி வேன். இந்தக் கடைக்கு மேலே மாடியில் ஒரு கிறிஸ்தவ சபை நடக்கிறது, அதன் பாஸ்டருடைய மனைவிதான் கடை நடத்தும் பாஸ்டரம்மா. சபையில் என் மனைவி உறுப்பினர், நான் இல்லை. தோட்டத்து மாரியம்மனுக்குத் தீ மிதித்த ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை அவளை இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர்க் கடையில் பால் போடாத தே ஓ குடித்துக்கொண்டு பேப்பர் படிப்பேன். அங்கே பாட்டுக் கேட்கும், பிரசங்கம் கேட்காது. எங்கள் வீட்டு ஒப்பந்தம் இது. பெரிய சண்டை இல்லாமல் ஓடுகிறது.

ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் வந்து ஊருக்குள் திரும்பினால் பழைய கடைவரிசை. பெயர்ப்பலகை கிடையாது. பச்சைக் கித்தான் கூரை, மூன்று மேசை, பதினொரு நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் விரிசல். சுவரோரமாக ஒதுக்கிப் போட்டிருப்பார்கள், அதில் உட்காராதீர்கள். பார்க்கிங் கஷ்டம்தான். ஏழு மணிக்கு மேல் பேங்குப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வருவது நல்லது.

நாசி லெமாக் பொட்டலம் இரண்டரை வெள்ளி (ரிங்கிட்). சாதம் பொலபொலவென்று இருக்கும், தேங்காய்ப் பால் திகட்டாது, இஞ்சி வாசம் கடைசியில்தான் வரும். ஆனால் நான் அங்கே போவது சம்பலுக்காக. பாஸ்டரம்மா முந்தின ராத்திரியே காய்ந்த மிளகாயை அவித்து விதை நீக்கி, சின்ன வெங்காயத்தோடு அரைத்து, பெலாச்சானை (இறால் விழுது) தனியாக வாட்டிச் சேர்த்து, சின்னத் தீயில் வைத்துவிடுவார். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை அடுப்பை விட்டு நகர மாட்டார். பொறுமை இல்லாத கடைகளில் சீனியை அள்ளிப் போட்டு அவசரத்தை மறைப்பார்கள். நாக்கில் பட்டதும் தெரிந்துவிடும். இங்கே இனிப்பு வெங்காயத்திலிருந்து வருகிறது, புளிப்பு ஒரு நொடி பிந்தி வருகிறது. நெத்திலியைத் தனியாகப் பொரித்துக் கடைசியில் போடுவதால் பல்லில் மொறுமொறுவென்று கடிபடும், குழைந்து போகாது.

2023 செப்டம்பரில் உள்ளூர் அரிசி கடைகளில் கண்ணில் படாமல் போய், இறக்குமதி அரிசி விலை ஏறியது ஞாபகம் இருக்கும். எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் எல்லாம் ஐம்பது காசு ஏற்றினார்கள். பாஸ்டரம்மா விலையை ஏற்றவில்லை, அரை முட்டையைக் கால் முட்டை ஆக்கினார். அதையும் ஒளித்துச் செய்யவில்லை. “அண்ணே, முட்டை கொஞ்சம் சின்னதாப் போச்சு” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லித்தான் கொடுத்தார். இரண்டரை வெள்ளிப் பாக்கெட் எண்ணெய் வீட்டுச் சமையலுக்கு என்று அரசாங்கம் மானியம் கொடுப்பது, வியாபாரத்துக்கு அதைத் தொடக் கூடாது என்று போத்தல் எண்ணெய்தான் வாங்குகிறார். “யாரும்மா வந்து பார்க்கப் போறான்?” என்று கேட்டேன். மேலே மாடியைக் காட்டினார்.

இட்லி வேண்டாம். தெரிந்தவர்கள் கடை என்பதற்காக இதில் பொய் சொல்ல மாட்டேன். கல். ராத்திரி பதினொரு மணிக்கு மாவு அரைத்து விடியற்காலை நாலரைக்கு ஊற்றினால் எந்த மாவு பொங்கும்? நேராகவே சொன்னேன். “அப்ப இட்லிக்கும் சேர்த்து ஜெபம் பண்ணச் சொல்லுங்கண்ணே அக்காவ” என்று சிரித்தார். தோசை பரவாயில்லை. பருப்பு வடை நன்றாக இருக்கும், ஆனால் ஏழரைக்கு மேல் மிஞ்சாது.

கோப்பியில் கெட்டிப் பால் கொட்டோ கொட்டென்று கொட்டுவார்கள். கரண்டியை நட்டால் நிற்கும். நம் ஊர்ப் பழக்கம் அப்படி. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்று வந்தது, அதிலும் நம்மவர்களிடம்தான் அதிகம். எனக்கே காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரியில் இரண்டு. ஆகவே பாலும் சீனியும் இல்லாத “கோப்பி ஓ கோசோங்” என்று வாயைத் திறந்து கேளுங்கள், முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கடையில் அதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாலே போதும்.

அவர்தான் பாஸ்டர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், என்னைவிட மூத்தவராகத் தெரிவார். சர்க்கரை கிட்னியைத் தின்றுவிட்டது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், ஈப்போவில் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி கடை சீக்கிரம் மூடுவது அதற்காகத்தான். அம்மாதான் பழைய கான்சில் காரில் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார். சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதிக்குச் சந்தா கட்டியவர்களுக்கு இந்தச் செலவில் ஓர் உதவி உண்டு. பதினோரு குடும்பம் இருக்கும் சபையில் போதகருக்கு யார் சொக்சோ கட்டினார்கள்?

கல்லா மேசையில் அவருடைய அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். மார்க்கர் பேனாவால் அதில் ஐந்து கோடு போட்டிருக்கிறார். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் குடிக்கலாம். நான் போகும் நேரத்தில் முதல் கோடு தாண்டியிருக்காது. அந்தப் போத்தலுக்குப் பக்கத்திலிருந்துதான் எங்களுக்குப் பெரிய மங்குக் கோப்பையில் தளும்பத் தளும்பக் கோப்பி எடுத்துத் தருவார். வலது கையால்தான். இடது கையில் கனம் தூக்கக் கூடாது, அந்தக் கையில் பிரஷர்கூடப் பார்க்கக் கூடாது. ஊசி குத்த வசதியாக உள்ளே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், அதனால் தோலுக்கு அடியில் உர்ரென்று ஓடிக்கொண்டே இருக்குமாம். என் வேனில் வரும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி ஒரு நாள் அந்தக் கையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “பாஸ்டர் கைக்குள்ள பூனை இருக்கு” என்றாள். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் மிச்சம் கொடுக்க மறந்துவிட்டார். எனக்கு இன்னும் ஒன்றரை வெள்ளி வர வேண்டும்.

மிச்சம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். அவசரத்தில் போகிறவர்கள் சில்லறையாகக் கொண்டுபோங்கள். பாஸ்டர் காசு எண்ணுவார், உங்கள் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பார், மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். கடன் கொப்பி ஒன்று இருக்கிறது. அதில் சில பெயர்களுக்கு எதிரே வெறும் கோடு மட்டும்தான், தொகை இருக்காது. கியூஆர் அட்டையும் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் அது மகளின் கைப்பேசிக்குப் போகிறது. மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதப்போகிற பிள்ளை, காலையில் பள்ளியில் இருப்பாள், கைப்பேசி வீட்டில் இருக்கும். நீங்கள் பணம் அனுப்பினீர்களா இல்லையா என்று பார்க்க ஆளே கிடையாது.

சபை எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று கேட்கிறவர்களுக்கு: சபை தேயவில்லை, தோட்டம் தேய்ந்தது. சுங்கை சிப்புட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1948 ஜூன் 16தான் ஞாபகம் வரும், கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் மூன்று பேரைச் சுட்டுக் கொல்ல, அவசரகாலம் ஆரம்பித்த நாள். எங்களுக்கு ஜூன் 16 என்றால் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த நாளும்கூட, 1919, இதே ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளிகளே தோட்டம் வாங்கலாம் என்று 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர். எங்கள் அப்பாவும் பத்து வெள்ளி கட்டியவர்தான். ஆனால் நாங்கள் இருந்த தோட்டத்தை அது காப்பாற்றவில்லை. கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், பாதி ஆள் போதும் என்றார்கள், பிறகு அந்தப் பாதிக்கும் வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். தொழிலாளிகள் குடியிருந்த லயம் காலியானது. அங்கே தகரக் கொட்டகையில் நாற்பது குடும்பத்தோடு நடந்த சபை பட்டணத்துக்கு வந்து, மாடிப்படி ஏறி, இந்தக் கடை வீட்டில் வாடகைக்கு உட்கார்ந்தது. பிள்ளைகள் கோலாலம்பூர், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போனார்கள். கடைசியாக மூன்று வருடத்துக்கு முன் ஏழு குடும்பம், டிரம்ஸும் பெரிய திரையும் இருக்கும் வேறு சபைக்கு மாறிவிட்டது. போனவர்களைப் பற்றிப் பாஸ்டர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. என் மனைவி பேசுவாள், நிறைய.

மாடி வாடகை 650 வெள்ளி. காணிக்கைப் பை அந்த எண்ணிக்கையைத் தொடாமல் போன மாதங்களில்தான் பாஸ்டரம்மா கீழே அடுப்பு வைத்தார். மூத்த மகன் பினாங்கில் ஃபேக்டரியில் வேலை செய்கிறான், பணம் அனுப்புகிறான், ஊருக்கு வருவதில்லை. அதைப் பற்றி நான் கேட்டதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

பரிதாபப்பட்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கோலாலம்பூர்க்காரர் ஒருவர் காரைப் பாதிச் சாலையில் நிறுத்தி, 500 வெள்ளியைக் கல்லாவில் வைத்துவிட்டு, “சாப்பாடெல்லாம் வேண்டாம்” என்று கிளம்பினார். நல்ல மனசுதான். அம்மா கரண்டியோடு பின்னாலேயே ஓடி, பணத்தை ஜன்னல் வழியாகத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை. உதவ வேண்டும் என்றால் பொட்டலத்துக்கு ஆர்டர் கொடுங்கள். ஆபீஸ் மீட்டிங், பிறந்த நாள், ஊர் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங், எதற்கானாலும் ஒரு நாள் முன்னால் சொன்னால் 60 பொட்டலம்வரை சமாளிக்கிறார். போன மாதம் எங்கள் கோயில் பூசைக்கு மறுநாள் துப்புரவு செய்த பையன்களுக்கு நானே 45 வாங்கினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்புறம், பணத்தைத் தவிர இன்னொன்றையும் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், அதைத் திருப்பித் தர மாட்டார்கள். ஜெபம்.

சபையில் சங்கிலி ஜெபம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை, ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில். சபைக்கும் பாஸ்டர் குடும்பத்துக்கும் என்றே. என் மனைவிக்கு மூன்றிலிருந்து நான்கு. பால் மரம் வெட்டப் பெரட்டுக்கு எழுந்த உடம்பு, அலாரம் வைக்காமலே எழுந்துவிடுவாள். குசினியில் உட்கார்ந்து சத்தமாகத்தான் ஜெபிப்பாள். நானும் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஜெபம் என்றால் உருக்கமாக, வார்த்தை வார்த்தையாக இருக்கும் என்று நினைத்தால், அவளுடையது மளிகைக் கடைச் சீட்டு. “ஆண்டவரே, 28-ஆம் தேதிக்குள்ள 650 வேணும். போன மாசத்துப் பாக்கி 300-ஐயும் மறந்துடாதீங்க. பாஸ்டருக்கு ரத்தம் ஏறணும், போன தடவ எட்டுதான் இருந்துச்சு. மூத்தவன் ஒரு போனாச்சும் போடணும். சின்னவனுக்குப் பள்ளிச் சப்பாத்து வாய் பொளந்துடுச்சு, சைஸ் நாலு.”

சப்பாத்து சைஸ் சொல்லும் ஜெபத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். மறுநாள் வேனை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனேன், வாங்கினேன், பையனுடைய காலில் நுழையவில்லை. சைஸ் ஐந்து. மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, “உன் ஆண்டவருக்கே தப்பான தகவல் கொடுக்கிறியே” என்றேன். இரண்டு நாள் எனக்குக் குழம்பில் உப்பில்லை.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று மணிக்கு எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. “ஒரு நாள் விட்டா என்ன?” என்றேன். “சங்கிலில ஒரு கண்ணி விட்டா அது சங்கிலியா?” என்றாள். சரி, நீ படு என்று சொல்லிவிட்டு நான் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கோயிலில் என்றால் கற்பூரம் இருக்கும், மணி இருக்கும், நாம் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. இங்கே மேசை, சுவர்க் கடிகாரம், ஈ மூடி. பதினோரு குடும்பத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், பாதிப் பேர் பெயர் எனக்குத் தெரியாது. எதிர்க் கடையிலிருந்து இத்தனை வருடம் நான் பார்த்தது அவர்கள் வண்டிகளைத்தான். அதனால் வண்டி வண்டியாகச் சொன்னேன். பின் விளக்கு உடைந்த நீல மைவி கார். சைலன்சர் கத்தும் மோட்டார், அதில் வரும் புருசன் பெண்டாட்டி. ஊன்றுகோல் பாட்டியை இறக்கிவிட்டு ஞாயிறுதோறும் நோ பார்க்கிங்கில் நிறுத்தும் பேரன். காய்கறி லோரியிலேயே வரும் குடும்பம். கடைசியாக அந்தப் பழைய கான்சில். ஈப்போ போகிற வழியில் நின்றுவிடக் கூடாது, ரேடியேட்டரில் கசிவு இருக்கிறது, டயர் நாலும் தேய்ந்துவிட்டது, ரோட்டில் மழைத் தண்ணீர் நிற்கும். இருபத்தெட்டு வருடம் ஓட்டியவனுக்கு அதுவரை நன்றாகவே வந்தது.

முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் மூன்று இருபது. இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. சொல்ல ஒன்றும் இல்லை. மறுபடி நீல மைவியிலிருந்து ஆரம்பித்தேன்.

நாலு மணிக்கு மேல் தூக்கம் வரவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பாஸ்டரம்மா தனியாக நின்று வாழையிலை வாட்டிக்கொண்டிருந்தார். இலையை நெருப்புக்கு மேலே ஒரு தடவை இழுத்தால் போதும், வெளிறிய பச்சை சட்டென்று கரும்பச்சையாகிப் பளபளக்கும், பிறகு எப்படி மடித்தாலும் கிழியாது. நானும் எடுத்துச் செய்தேன். மூன்று இலையைக் கருக்கினேன். “என்னண்ணே இந்த நேரத்துல?” என்றார். “அவளுக்குக் காய்ச்சல், இன்னைக்கு என் ஷிப்டு” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கருகிய இலைகளைக் குப்பையில் போடாமல் தனியாக எடுத்து வைத்தார். அன்று எனக்குக் கட்டிய பொட்டலம் கருகிய இலையில், அரை முட்டையோடு.

திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் காலை ஆறரையிலிருந்து பத்தரைவரை திறந்திருக்கும். செவ்வாய், வியாழன், சனியில் எட்டே முக்கால்வரைதான். ஞாயிறு கடை இல்லை. இந்த நேரத்தை அட்டையில் எழுதி நானே நாளைக்குக் கொண்டுபோய்த் தொங்கவிடப் போகிறேன், ஒற்றை நட்சத்திரக்காரர் மறுபடி வர வேண்டும். நாசி லெமாக்கும் வடையும் சொல்லுங்கள், இட்லி சொல்லாதீர்கள்.

சங்கிலியில் ஒன்றிலிருந்து இரண்டுவரை எடுத்துக்கொண்டிருந்த பாட்டி மகள் வீட்டுக்குக் கிள்ளான் போய்விட்டார், அந்த ஒரு மணி நேரம் காலியாக இருக்கிறது. எந்தச் சபை, எந்தக் கோயில் என்று யாரும் கேட்க மாட்டார்கள், என்னையே விட்டுவிட்டார்கள். எடுக்கிறவர்கள் கல்லாவில் சொல்லுங்கள். இப்போது இருக்கும் பட்டியல்: வாடகைப் பாக்கி 300, பாஸ்டருக்கு ரத்தம், மகளுக்கு எஸ்பிஎம், மூத்தவன் போன், கான்சிலுக்கு நாலு டயர். சப்பாத்து முடிந்துவிட்டது.